வரைதல் வகுப்பில் இசை: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகப் பாடசாலைகளில் தொழினுட்பப் பாடம் எடுக்கும் சிலர் பொறியியல் வரைதல் பாடவேளைக்கு ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரையும் கொண்டுபோகிறார்கள். நல்ல விஷயம்தான். பாடவேளை முழுதும் 'T' வடிவ அளவுச்சட்டமான டீ ஸ்குயாரையும் மூலைமட்டத்தையும் பிடித்தபடி குனிந்திருக்கும் பிள்ளைக்கு இசை பெரிய துணை. ஆனால் எப்போது இசை, எப்போது அமைதி என்று யோசிக்காமல் போட்டால், அதன் விளைவு வரைதாளில் அப்படியே தெரியும்.

பாட்டுக் கேட்டால் உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன் வளரும் என்று நம்புவது முதல் தவறு. 1993இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் மொஸார்ட்டின் பியானோ இசையைக் கேட்டுவிட்டு, மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் 10, 15 நிமிடத்தில் மறைந்துவிட்டது. மனம் உற்சாகமாக இருந்ததுதான் காரணம் என்று 2001இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. ஆகவே முன்னாலிருந்து தெரியும் முன்னிலைப் படத்தைப் பார்த்து, மேலிருந்து தெரியும் கிடைப்படம் போட வராத பிள்ளைக்கு இசை மருந்தாகாது. ஒரு சவர்க்காரக் கட்டியையோ உருளைக்கிழங்கையோ படத்தில் உள்ளபடி வெட்டிக் கையில் கொடுங்கள். மேலிருந்து பார், பக்கத்திலிருந்து பார் என்று சொல்லுங்கள். அதுதான் வேலை செய்யும்.

பாடம் விளக்கும்போது பின்னணியில் இசை ஓடவிடுவது அடுத்த தவறு. ஒரு பொருளின் பல பக்கத் தோற்றங்களை ஒரே தாளில் அடுக்கும் முதற்கோண எறியத்தில் கிடைப்படம் ஏன் முன்னிலைப் படத்துக்குக் கீழே வருகிறது, இடப்பக்கத் தோற்றம் ஏன் வலப்பக்கம் போகிறது என்று பிள்ளை யோசிக்கும் நேரத்தில் உங்கள் குரல் மட்டும் இருக்கட்டும்.

சொற்கள் உள்ள பாட்டும் வேண்டாம். ஓர் அளவைப் படித்து, மனதில் வைத்து, இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் வரைதலில் பாதி வேலை. 65 மில்லிமீற்றர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிள்ளை அடிமட்டத்தை எடுக்கும் நேரத்தில் பாட்டு வரி காதில் விழுந்தால், அந்த 65 எங்கேயோ போய்விடும். தெரிந்த பாட்டென்றால் கூடவே பாடவும் தொடங்கிவிடுவார்கள். வீணை, புல்லாங்குழல், வயலின் போதும். அதையும் தாளைச் சுற்றிச் சட்டம் போடுவது, தலைப்புப் பெட்டிக்கு எழுத்து எழுதுவது, பொருளை வெட்டினால் தெரியும் வெட்டுமுகத்துக்கு 45 பாகையில் கோடுகள் நிரப்புவது போன்ற நீண்ட கைவேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமும் முக்கியம். குத்துப்பாட்டின் வேகம் கைக்கு ஏறினால் கோடு மூலையைத் தாண்டி ஓடும், கவராயத்தின் முள் நழுவும். பென்சிலை மெதுவாக உருட்டியபடி ஒரே இழுப்பில் இழுத்தால்தான் கோட்டின் தடிப்பு மாறாமல் வரும். செக்கனுக்கு ஒரு தட்டு என்ற நிதானம் அதற்குப் பொருத்தம்.

இதையெல்லாம்விட எனக்கு வருத்தமான தவறு ஒன்று உண்டு: ஸ்பீக்கரை மட்டும் இசை என்று நினைப்பது. நம் பிள்ளைகளின் கையிலேயே தாளம் இருக்கிறது. மன்மதன் கதையை ஆடும் மாசி மாதக் காமன்கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கிறவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். ஈரத்தில் தளர்ந்த தோலை நெருப்பில் காட்டி, தட்டிப் பார்த்து, சத்தம் சரியா என்று சொல்லத் தெரிந்த காது அவர்களுடையது. அதை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது அநியாயம். மேசையில் விரலால் தட்டினால் போதும். மறைந்திருக்கும் விளிம்பைக் காட்டும் மறைகோடு என்றால் ஒரே அளவான தட்டுகள்: 3 மில்லிமீற்றர் கோடு, 1 மில்லிமீற்றர் இடைவெளி. நடுவைக் காட்டும் மையக்கோடு என்றால் நெடில், குறில், நெடில், குறில்: தாஅ… தி… தாஅ… தி. முதலில் வாயால் சொல்லி, மேசையில் தட்டி, பிறகு பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். கோணலும் மாணலுமாக வந்த மறைகோடு எப்படிச் சீராகிறது என்று பாருங்கள். கர்நாடக சங்கீதம் எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் வட்டத்தை 8 பாகமாக்குவதற்கு ஆதி தாளத்தின் 8 அட்சரத்தையும், 6 பாகத்துக்கு ரூபக தாளத்தின் 6 அட்சரத்தையும் போட வைக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி ஜன்னல் வரிசையைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு, ஜன்னல், சுவர், ஜன்னல், சுவர் என்ற அந்த அடுக்கும் ஒரு தாளம்தான். அதன் முன்னிலைப் படத்தை வரையக் கொடுங்கள். ஆனால் தாளம் இடைவெளியை உணர மட்டும்தான். அளவை அடிமட்டம்தான் சொல்ல வேண்டும்.

மழைக் காலத்தில், முக்கியமாக ஹட்டன், மஸ்கெலியா பக்கம், தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு மேலே ஸ்பீக்கரை ஏற்றுவது வீண். தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு நடக்கிறது, அங்குள்ள டீச்சரையும் நினைக்க வேண்டும். மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள். காது மந்தமான பிள்ளை இருந்தால் மற்ற நாட்களிலும் ஒருமுறை யோசியுங்கள். பின்னணி இசை இருந்தால் உங்கள் பேச்சு அந்தப் பிள்ளைக்குப் பாதிகூடக் கேட்காது. இணையத்திலிருந்து நேரடியாகப் போட்டால் நடுவே விளம்பரம் கத்தும். முந்தின நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் இசை இருக்காது. கடைசித் தவணையில் முழு வினாவையும் நேரம் வைத்து, சத்தமே இல்லாமல் செய்து பழக்குங்கள். தட்டிப் பழகிய பிள்ளை அங்கேயும் மனதுக்குள் தட்டிக்கொள்ளும், ஸ்பீக்கரை மட்டும் நம்பியிருந்த பிள்ளைதான் தடுமாறும்.