ஏற்றத்துக்குக் கட்டியான ஒயில் வேண்டாம்: மலைநாட்டில் என்ஜின் ஒயில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வண்டி எடுத்தவர்கள் ஒயில் வாங்க வந்தால் பெரும்பாலும் "எந்தக் கம்பனி நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். கேனில் பெரிதாக அச்சடித்திருக்கும் இலக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்கிறவர்களும் யாரோ சொன்ன காரணத்தைப் பிடித்துக்கொண்டு தப்பான இலக்கத்தையே கேட்கிறார்கள். பழைய சாரதிகள் விட்ட அதே பிழைகளை இன்றைய பிள்ளைகளும் விடுவதை ஹட்டன் பக்கத்துக் கராஜில் நின்று பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. லீசிங் முடியும் முன்னே என்ஜின் முடிந்துவிடக் கூடாது.

ஒயில் மட்டம் பார்க்காமல் ஓடுவது, சேர்விஸைத் தள்ளிப்போடுவது எல்லாம் தவறு என்று யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு இலக்கத்தில் நடக்கும் குழப்பத்தை மட்டும் எழுதுகிறேன்.

இலக்கத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

5டபிள்யூ-30 என்று கேனில் இருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் உள்ள 5 கடுங்குளிரில் அந்த ஒயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள 30, ஒயில் 100 பாகைச் சூட்டில் இருக்கும்போது எவ்வளவு கட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இந்த இலக்கங்களை வகுக்கும் எஸ்.ஏ.இ. தரத்தின்படி, அந்தச் சூட்டில் 20 என்ற ஒயிலின் பிசுக்குமை, அதாவது கட்டித்தன்மை, 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். 30 என்றால் 9.3 முதல் 12.5, 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9.

20டபிள்யூ-50ஐச் சுருக்கி 20-50 என்பார்கள். "20-50 குளிரில் இருபதாக இருந்து, சூடானால் ஐம்பதாகக் கட்டியாகும்" என்று பலர் நம்புகிறார்கள். சூடேறினால் கட்டியாகும் என்ஜின் ஒயில் எதுவும் கிடையாது. எல்லா ஒயிலும் சூட்டில் நீர்த்துத்தான் போகும். எவ்வளவு நீர்க்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நுவரெலியாக் குளிருக்கென்று தனி ஒயில் தேடுவது

தேவையே இல்லை. ஜனவரியில் புல் மேல் பனி உறைகிற காலையிலும் அங்கே பூச்சியத்தை ஒட்டித்தான் குளிர் இருக்கும். 20டபிள்யூ ஒயிலைக்கூடப் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

மலை ஏறுகிற வண்டி என்று 20-50 ஊற்றுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் இத்தனை தடவை சொன்ன பிறகும் நிற்காத தவறு இது. எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் காசு போவது நாள் கூலிக்கு ஹயர் ஓடுகிற பிள்ளைகளுக்கு.

கொட்டகலையில் ஹயர் ஓடும் ஒரு தம்பி தன் டொயோட்டா அக்வாவைக் கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் ஆனதும் என்ஜின் மேல்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பெற்றோல் முன்பைவிடக் கூடக் குடிக்கிறது. அப்புறம் டாஷ்போர்டில் என்ஜின் லைட்டும் எரியத் தொடங்கிவிட்டது. கணினியில் போட்டுப் பார்த்தால் கேம்ஷாஃப்ட் டைமிங் பிழை. டிப்ஸ்டிக்கை இழுத்தேன். குளிர்ந்த என்ஜினில் ஒயில் நுனியில் தொங்கிக்கொண்டு சொட்டவே மாட்டேன் என்கிறது. "என்ன தம்பி ஊத்தியிருக்கு?" என்றேன். "20-50 அண்ணே. ஏத்தத்துல இழுக்கிற வண்டிக்குத் தண்ணி மாதிரி ஒயில ஊத்துனா தாங்காதுன்னு சேர்விஸ் பண்ண எடத்துல சொன்னாங்க."

அதே வண்டியில் ஒயில் ஊற்றுகிற மூடியைத் திருப்பிக் காட்டினேன். அதன் மேலேயே 0டபிள்யூ-20 என்று அச்சடித்திருந்தது.

ஏற்றத்துக்குக் கட்டியான ஒயில் என்ற நினைப்பு எங்கே தப்பாகிறது என்று பார்ப்போம். வெளியே நுவரெலியாவோ கொழும்போ, ஓடிக் கொஞ்ச நேரமானதும் தெர்மோஸ்டாட் கூலண்டை ஏறத்தாழ ஒரே சூட்டில் பிடித்து வைக்கும். ஒயில் அதை ஒட்டியோ, ஏற்றத்தில் அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும். அந்தச் சூட்டில் பெயரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அங்கே எவ்வளவு ஒயில் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் என்ஜினையே செய்கிறார்கள். 0-20க்குச் செய்த என்ஜினில் 20-50 ஊற்றினால் சூடான நிலையிலேயே இரண்டு மடங்குக்கு மேல் கட்டியான ஒயில் ஓடுகிறது. 40 பாகையில் பார்த்தால் ஒன்று ஏறத்தாழ 45 சென்டிஸ்டோக்ஸ், மற்றது 150க்கு மேல். ஹட்டனில் விடியற்காலையில் வண்டியை எடுக்கும்போது 40 பாகை ஏது? வித்தியாசம் இன்னும் பல மடங்கு கூடும்.

கட்டியான ஒயிலால் பிரஷர் கூடும், அது நல்லதுதானே என்பார்கள். பிரஷர் வேறு, ஓட்டம் வேறு. பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்றுதான் ஒயிலைத் தள்ளும். முன்னால் போக இடமில்லாமல் பிரஷர் எகிறினால் ரிலீஃப் வால்வ் திறந்து ஒயில் திரும்பச் சம்புக்கே, அதாவது அடியில் ஒயில் தங்கும் தொட்டிக்கே, போய்விடும். பில்டரிலும் அப்படித்தான்: குளிர்ந்த கட்டி ஒயில் தாளுக்குள் நுழையச் சிரமப்பட்டால் பைபாஸ் வால்வ் திறந்து, வடிகட்டாத ஒயில் நேராக என்ஜினுக்குள் போகும். பெயரிங்கைக் குளிர வைப்பது ஓடுகிற ஒயில்தான். ஓட்டம் குறைந்தால் ஏற்றத்தில் அங்கே சூடு கூடும். காப்பாற்றத்தான் கட்டியாக ஊற்றினார்கள். நடந்தது அதற்கு நேர் எதிர்.

இந்தப் புதிய என்ஜின்களில் வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு ஒயில் பிரஷரால்தான் வேலை செய்கிறது. ஊசித்துளை போன்ற பாதைகளில் ஒயில் சட்டென்று போய் வர வேண்டும். கட்டியான ஒயில் பிந்திப் போனால் டைமிங்கும் பிந்தும், லைட் எரியும்.

ஹைபிரிட்டுக்கு இது இன்னும் கெடுதல். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல பக்கம் இறங்கும்போது பாருங்கள்: என்ஜின் நிற்கும், பட்டரி நிறைந்துவிட்டால் பெற்றோல் இல்லாமல் பிரேக் பிடிப்பதற்காக மட்டும் சுற்றும். அந்த நேரமெல்லாம் ஒயில் ஆறிக்கொண்டே போகிறது. அடுத்த மேட்டில் என்ஜின் திடீரென்று உயிர் பெற்று முழுப் பாரத்தையும் இழுக்க வேண்டும். அந்தக் கணத்தில் ஒயில் மேலே கேம்ஷாஃப்ட் வரைக்கும் உடனே ஏற வேண்டும்.

அந்தத் தம்பியின் வண்டிக்குச் சரியான ஒயில் ஊற்றிப் பில்டரும் மாற்றியதும் லைட் எரிவது நின்றது. காலைச் சத்தம் நிற்கவில்லை. பல மாதம் அப்படி ஓடியதில் விவிடி கியர் தேய்ந்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் தேடி எடுத்து வந்து மாற்ற வேண்டி வந்தது. சாமானுக்கு ஒரு தொகை, கூலிக்கு ஒரு தொகை, வண்டி நின்ற நாட்களில் ஹயர் இல்லை, லீசிங் கட்டும் நாள் மட்டும் தவறாமல் வந்தது. 20-50 ஊற்றி அவர் மிச்சம் பிடித்தது ஒரு கேனின் விலை வித்தியாசம்.

சரி, ஒரு படி கூட்டவே கூடாதா? கூட்டலாம். பல டொயோட்டா கைநூல்களே, 0-20 கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 ஊற்றலாம், அடுத்த மாற்றத்தில் 0-20க்குத் திரும்ப வேண்டும் என்கின்றன. கடும் பாரத்தில் ஓடும் வண்டிக்குக் கொஞ்சம் கூடிய இலக்கம் பொருந்தலாம் என்றும் சொல்கின்றன. கைநூல் அனுமதித்த ஒரு படி வேறு, 20-50க்குத் தாவுவது வேறு.

ஏற்றத்தில் சூடேறினால் ஒயிலைக் குற்றம் சொல்வது

றம்பொடை ஏற்றத்தில் சூட்டு முள் ஏறினால் முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் பிடித்துக் கொதிநிலையை உயர்த்தும். மூடி பழுதென்றால் கொழும்பில் பிரச்சினை காட்டாத வண்டி மேலே வந்து கொதிக்கும். அதோடு கூலண்ட், ஃபேன், அடைபட்ட ரேடியேட்டர். ஒயிலின் இலக்கத்தை மாற்றி இவற்றில் ஒன்றையும் சரிசெய்ய முடியாது.

பைக்குக்கும் ஆட்டோவுக்கும் கார் ஒயில்

கியர் உள்ள பைக்கிலும் நான்கு ஸ்ட்ரோக் ஆட்டோவிலும் பெரும்பாலும் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் நனைகின்றன. கார் ஒயிலில், முக்கியமாக மெல்லிய இலக்கங்களில், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது காருக்கு நல்லது. கிளட்ச் பிளேட்டுக்கு உராய்வுதான் உயிர்.

டவுனுக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. பின்னால் மூன்று பேர், காலடியில் அரிசி மூட்டை, தோட்டத்துக் கல் ரோட்டில் லயத்துக்கு ஏறும்போது தெரியும்: என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. உடனே கேபிளை இறுக்குவார்கள், அதற்குப் பிறகு பிளேட்டை மாற்றுவார்கள், மாற்றிவிட்டு அதே கார் ஒயிலைத் திரும்ப ஊற்றுவார்கள். கேனில், ஒயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் சரியாக இருந்தும் அந்தக் குறி இல்லையென்றால் வாங்க வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் ஒயிலில் நனைவதில்லை, அதற்கு எம்.பி. குறியுள்ளது வரும்.

பஜாஜ் நான்கு ஸ்ட்ரோக் ஆட்டோவுக்குக் கம்பனியே 20-50 தான் சொல்கிறது. காற்றில் ஆறுகிற என்ஜின், அதே ஒயிலில் கியரும் அரைபடுகிறது. அங்கே அது சரி. மலையில் ஆட்டோவைப் பழகிவிட்டுக் கார் எடுத்தவர்கள்தான் இந்த 20-50ஐக் கூடவே கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

புகையை ஒயிலால் மறைப்பது

நீண்ட இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்கும்போது என்ஜினுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும். வால்வ் சீல் காய்ந்துபோயிருந்தால் அந்த உறிஞ்சல் ஒயிலை உள்ளே இழுக்கும். கீழே வந்து அக்சலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை ஒரு தடவை பெரிதாக வரும், பிறகு குறையும். இது சீல் மாற்றச் சொல்கிற அடையாளம். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டுக்கும் கட்டியான ஒயில் ஊற்றினால் புகை கொஞ்ச நாள் குறையும். வண்டி விற்கிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் குளிர்ந்த என்ஜினில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒரு நீண்ட இறக்கத்தில் ஓட்டி, கீழே மிதித்து, கண்ணாடியில் பின்னால் பாருங்கள்.

விலை கூடியது என்று பழைய வேனுக்கு 0-20

15டபிள்யூ-40 டீசல் ஒயிலுக்குச் செய்த டொல்பின் வேனுக்கு 0-20ஐ வாங்கிக் கொடுப்பது அன்பு இல்லை, சேதம்.

டீசலுக்குப் பெற்றோல் ஒயில்

இலக்கம் ஒன்றாக இருந்தாலும் ஊற்ற வேண்டாம். கேனில் உள்ள ஏபிஐ என்ற தரக் குறி எஸ் என்று தொடங்கினால் பெற்றோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. இரண்டும் போட்டிருந்தால் எது முதலில் என்று பாருங்கள்.

விரலில் தொட்டுப் பார்த்து முடிவெடுப்பது

100 பாகையில் ஒயில் எப்படி இருக்கும் என்று விரல் சொல்லாது.

கைநூல் ஜப்பான் மொழியில் என்று விட்டுவிடுவது

ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் இது பெரிய சாக்கு. எழுத்துத் தெரியாவிட்டாலும் 0டபிள்யூ-20 என்ற இலக்கம் அதே வடிவில்தான் அச்சாகியிருக்கும். ஒயில் பக்கத்தை போன் கமராவில் பிடித்தால் மொழிபெயர்த்தும் காட்டும். மூடியிலும் பல வண்டிகளில் இருக்கிறது. மூடியை மாற்றியிருந்தால் அதை நம்பாமல், என்ஜின் மாதிரியின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

தப்பான ஒயிலை ஊற்றிய பிறகு மண்ணெண்ணெயில் கழுவுவது

ஏற்கெனவே 20-50 ஊற்றிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சம்பின் ஆணியைக் கழற்றி நூல் போல் ஒழுகுவது நிற்கும்வரை விடுங்கள். பில்டரைக் கட்டாயம் மாற்றுங்கள், அதற்குள்ளும் பழைய ஒயில் நிற்கிறது. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஸ்டார்ட் பண்ணிக் கழுவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது பெயரிங்கின் மேலுள்ள ஒயில் படலத்தையே கரைத்துவிடும், செய்ய விடாதீர்கள். சரியான இலக்கத்தை ஊற்றி, வழக்கமான தூரத்தில் பாதி ஓடியதும் ஒருமுறை மாற்றினால் உள்ளே மிச்சமிருந்ததும் போய்விடும். அதற்குப் பிறகும் காலையில் சத்தம் கேட்டால், வண்டியைக் குளிர்ந்த என்ஜினோடு முதல் நாள் மாலையே கராஜில் விட்டுவிட்டுப் போங்கள். ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது.