எஸ்ஓபியில் கஷ்டத்தை விற்காதீர்கள்

நவம்பர் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் எஸ்ஓபி டிராஃப்ட் கொட்டும். ஏன் இந்தப் படிப்பு, அங்கே போய் என்ன செய்வேன் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் கட்டுரைதான் எஸ்ஓபி (Statement of Purpose). வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரிகள். அமெரிக்க முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கும் டிசம்பரில்தான் கடைசித் தேதி என்பதால் எல்லாருக்கும் அவசரம். எழுத்துப்பிழை, கமா, ஃபாண்ட் எல்லாம் நான் பார்ப்பதில்லை. அதற்கு மென்பொருள் இருக்கிறது.

கஷ்டக் கதையிலேயே பக்கத்தைத் தீர்ப்பது

எத்தனை முறை பார்த்தாலும் கடுப்பேற்றுவது இதுதான். எண்ணூர் மீனவக் குப்பத்துப் பையன் ஒருவன் இரண்டு பக்கம் அனுப்பியிருந்தான். ஒன்றரைப் பக்கத்துக்கு அப்பாவின் படகு, அம்மா கூடை சுமந்தது, ஒழுகுகிற வீடு, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கழிமுகமெங்கும் எண்ணெய் படிந்து வலைகள் பாழானது. எல்லாமே நிஜம். கடைசியில் ஒரே வரி: "கல்லூரியில் நீர் மாசு குறித்து ப்ராஜெக்ட் செய்தேன்."

என்னடா ப்ராஜெக்ட் என்று கேட்டேன்.

"கொசஸ்தலையாத்துல அனல்மின் நிலையத்து சாம்பல் தண்ணி கலக்குற எடத்துக்கு மேலயும் கீழயும் சாம்பிள் எடுத்தோம்ணா. தண்ணி வத்துற நேரமாப் பாத்து எடுக்கணும். இல்லன்னா கடல் தண்ணி உள்ள வந்து ஈயத்தோட அளவக் கம்மியாக் காட்டிடும். எங்கப்பாதான் நேரம் சொல்வாரு."

"இத ஏன்டா எழுதல?"

"கஷ்டத்த எழுதுனாதான் சீட்டுன்னு கன்சல்டன்சில சொன்னாங்கணா."

அதற்குள் அந்த டிராஃப்டையே சில இடங்களுக்கு அனுப்பிவிட்டான். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் நூறு டாலரைத் தொடும், போனால் போனதுதான். அந்த வீட்டில் அது என்ன பணம் என்று கன்சல்டன்சிக்காரருக்குத் தெரியாதா?

எஸ்ஓபியை வாசிக்கப்போவது பேராசிரியர். இவன் கையில் என்ன கேள்வி இருக்கிறது, எப்படி அளந்தான், எங்கே மாட்டிக்கொண்டான், இங்கே வந்து மேற்கொண்டு என்ன செய்வான்? அவர் தேடுவது இவற்றைத்தான். அப்பாவை வெட்டச் சொல்லவில்லை. "நீர் வற்றும் நேரத்தில் மட்டும் மாதிரி எடுத்தோம், மீனவரான என் தந்தை அந்த நேரத்தைக் கணித்துத் தந்தார்" என்று மாற்றினான். அவன் எங்கிருந்து வருகிறான் என்பது அதிலேயே வந்துவிட்டது. பெர்க்லி போன்ற இடங்கள் சொந்தப் பின்னணிக்கென்று தனிக் கட்டுரையே கேட்கின்றன. படகும் ஒழுகுகிற வீடும் அங்கே போகட்டும்.

சீனியரின் எஸ்ஓபி

கேட்டு வாங்காதீர்கள்.

பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவது

பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாலும் பத்தி பொருந்துகிறதா? அப்படியானால் அந்தப் பத்தி வீண். பேராசிரியர் பெயரைக் குறிப்பிடும்முன் அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது படியுங்கள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்றும் பாருங்கள். ஓய்வுபெற்றவரிடம் ஆய்வு செய்ய ஆசைப்பட்ட டிராஃப்டும் வந்திருக்கிறது.

அரியர்

சொல்வதானால் ஒரே வாக்கியம். காரணம், அதன்பின் எடுத்த மதிப்பெண். அழுகை வேண்டாம்.

கடைசி நேரம்

அது அவர்கள் ஊர் நேரம். நியூயார்க்கில் இரவு 11.59 என்றால் டிசம்பரில் நமக்கு மறுநாள் காலை 10.29. இந்தக் கணக்கை நம்பித் தூங்கப் போகாமல் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் சாருக்குப் போர்ட்டலிலிருந்து வரும் மெயில் பெரும்பாலும் ஸ்பாமில்தான் கிடக்கும். போன் போட்டுச் சொல்லுங்கள்.