உல்தினைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹூணர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அட்டிலாவோடு நின்றுவிடுவார்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் ஒரு தலைமுறை பின்னால் போய், டான்யூப் ஆற்றுப் பக்கம் இருந்த ஹூணத் தலைவன் உல்தினைப் பிடிப்பார்கள். திருத்தத்துக்கு என்னிடம் வரும் புதியவர்களின் கட்டுரைகளைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே அபத்தங்கள் அச்சு மாறாமல் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, ஆண்டுப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஆட்சிக்காலமும் வமிசாவளியும்

‘உல்தின், ஆட்சி: கி.பி. 400–409.’ இந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 400 எங்கிருந்து வந்தது? கிழக்கு ரோமுக்கு எதிராகக் கலகம் செய்த கோத் தளபதி கைனாஸ் அந்த ஆண்டில்தான் டான்யூபைத் தாண்டி ஓடி, உல்தினிடம் சிக்கினான். 409? முந்தைய ஆண்டு உல்தினின் படையோடு வந்து பிடிபட்ட ஸ்கிரி என்ற ஜெர்மானிய இனத்தாரை நில உடைமையாளர்களுக்குப் பங்கிட்டுத் தரும் ரோமானியச் சட்டம் அந்த ஆண்டு ஏப்ரலில் வந்தது. உல்தின் முடிசூடிய ஆண்டும் தெரியாது, இறந்த ஆண்டும் தெரியாது. ரோமானியர் தங்கள் வேலையாக எழுதியபோது அவன் பெயர் சில இடங்களில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டுகளைப் போட்டதும் கை சும்மா இருப்பதில்லை. மேலே பாலம்பர், கீழே காரட்டோன், அதற்குக் கீழே ருவா, கடைசியில் அட்டிலா என்று கோடு இழுத்துவிடுகிறார்கள். ஒரு போட்டித் தேர்வுக் கையேட்டின் மெய்ப்புப் படி என் மேசைக்கு வந்தது. ஐந்து கட்டங்கள், நடுவே அம்புக்குறிகள், ஒவ்வோர் அம்பின் மேலும் ‘மகன்’. எல்லா அம்புகளையும் சிவப்பு மையால் அடித்து அனுப்பினேன். “அம்பு இல்லாவிட்டால் பக்கம் வெறிச்சென்று இருக்கும் சார்” என்றார் வடிவமைப்பாளர். அம்புகளோடே அச்சாகிவிட்டது. மாதிரித் தேர்வில் ‘அட்டிலாவின் பாட்டன் யார்?’ என்று ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. புத்தகம் கடைக்குப் போன பிறகு ஓர் ஆசிரியர் கண்டுபிடித்துக் கடிதம் போட, பிரதிகளைத் திரும்ப வரவழைத்து அந்தப் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டினார்கள். செலவு பதிப்பகத்துக்கு, எரிச்சல் இன்றுவரை எனக்கு.

கோத்களைத் தாக்கிய ஹூண அரசன் பாலம்பர் என்ற பெயர் நமக்கு வரலாற்றாசிரியர் ஜோர்டானஸ் சொல்லித்தான் தெரியும். அவர் எழுதியது ஏறக்குறைய 551இல், அதாவது அந்தத் தாக்குதல் நடந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் எந்த ஹூண அரசனின் பெயரையும் சொல்லவில்லை. அவர்களுக்குக் கண்டிப்பான அரசாட்சியே இல்லை, தலைவர்கள் சிலரின் பின்னால் போகிறார்கள் என்றுதான் எழுதினார். காரட்டோன், 412 வாக்கில் போன ஒரு ரோமானியத் தூதுக்குழுவின் செய்தியில் வருகிறான். உல்தினுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன் என்று அதில் இல்லை. அட்டிலாவின் தந்தை முண்ட்சுக், பெரிய தந்தையோ சிற்றப்பனோ ஆன ருவா, ஒக்தார் வரை சான்று உண்டு. அதற்கு மேல் ஏற ஏணி கிடையாது.

எல்லா ஹூணருக்கும் அரசனாக்குவது

395இல் காக்கசஸைத் தாண்டிச் சிரியா வரை புகுந்த ஹூணர்களையும் உல்தின் கணக்கில் எழுதுகிறார்கள். இவன் நடமாட்டம் தெரிவது டான்யூபின் கீழ்ப்பகுதியில். அந்தக் கிழக்குப் படையெடுப்போடு இணைத்துப் பேசப்படும் தலைவர்களின் பெயர்கள் பாசிக், குர்சிக்.

சூரியக் கதை

408இல் உல்தின் டான்யூபைக் கடந்து, துரோகத்தின் உதவியால் காஸ்ட்ரா மார்ட்டிஸ் கோட்டையைப் பிடித்தான். இன்றைய பல்கேரியாவின் குலா அது. சமாதானம் பேச வந்த ரோமானியத் தளபதியிடம் உதிக்கும் சூரியனைக் காட்டி, அது ஒளி வீசும் நிலம் முழுவதையும் நினைத்தால் பிடித்துவிடுவேன் என்றானாம். எல்லாக் கட்டுரைகளும் இந்த இடத்தில் குதூகலிக்கின்றன.

இதைச் சொன்னவர் சோசோமென், திருச்சபை வரலாற்றாசிரியர். ஏழு வயதுச் சிறுவன் இரண்டாம் தியோடோசியஸ் அரியணையில் இருந்த நேரத்தில் பேரரசைக் கடவுளே காத்தார் என்று காட்டுவது அவருடைய நோக்கம். அதற்கு ஆணவம் பிடித்த எதிரி வேண்டும். வசனத்தை ஐயத்தோடு எடுங்கள். அடுத்து நடந்ததை விட்டுவிடாதீர்கள்: பேச்சு நீண்டபோதே உல்தினின் நெருக்கமானவர்களும் படைத்தலைவர்களும் ரோமானியரின் சலுகைகளில் மயங்கிப் பக்கம் மாறினார்கள். அவன் ஆற்றைத் தாண்டித் தப்பியதே பெரும்பாடு. அவனுடைய அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. பிடிபட்ட ஸ்கிரிகளில் பலர் பித்தினியாவின் (இன்றைய வடமேற்குத் துருக்கி) ஒலிம்பஸ் மலைப்பக்கம் சிதறி வாழ்ந்து பயிரிடுவதைத் தாமே பார்த்ததாகவும் சோசோமென் எழுதுகிறார். எனக்கு அந்த ஒரு வரி சூரிய வசனத்தைவிட மேல்.

ரோமின் நண்பனா, பகைவனா

கைனாஸின் தலையைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பியதால் நண்பன், 406இல் இத்தாலிக்குள் படையோடு புகுந்த கோத் தலைவன் ராடகைசஸுக்கு எதிராக மேற்கு ரோமின் தளபதி ஸ்டிலிகோவோடு நின்றதால் உற்ற நண்பன், 408இல் நம்பிக்கைத் துரோகி என்று எழுதுவது சினிமாக் கணக்கு. தன் எல்லைக்குள் கைனாஸ் படையோடு குடியேறுவதை உல்தின் விரும்பவில்லை, அவனைக் கொன்றால் பேரரசரும் மகிழ்வார் என்று நினைத்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் சோசிமஸ். 406இல் உதவியது மேற்கு ரோமுக்கு, 408இல் தாக்கியது கிழக்கு ரோமை. இரண்டு அரசவைகளுக்கும் அப்போது ஆகவே ஆகாது.

அரண்மனை

449இல் ரோமானியத் தூதுக்குழுவோடு போன பிரிஸ்கஸ் கண்ட மரமாளிகை அட்டிலாவுடையது. உல்தினுக்கு வாடகைக்கு விடாதீர்கள்.

உருவப்படம்

கிடையாது. நாணயமும் கிடையாது.

மிகிரகுலன்

ஆறாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் ஆண்ட ஹூண அரசன் அவன். அவனை இங்கே இழுக்காதீர்கள்.