விண்டோஸ் கணினி திணறுகிறதா? ரேமைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும் செயலிகளை நிறுத்துவது எப்படி

4 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள கணினி திணறினால் உடனே புது ரேம் வாங்கக் கிளம்ப வேண்டாம். நீங்கள் பயன்படுத்தாத செயலிகள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன்.

படி 1: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'புராசஸஸ்' பக்கத்தில் 'மெமரி' என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிக ரேம் எடுப்பவை மேலே வரும்.

அந்த 'மெமரி' தலைப்பில் 70 சதவீதம் என்று பார்த்ததும் பதறாதீர்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் மெமரியைத் திறந்து 'அவைலபிள்', அதாவது செயலிகளுக்கு இன்னும் கொடுக்கக்கூடிய ரேம், எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்திலேயே 'கேஷ்டு' என்று ஓர் எண் இருக்கும். மறுபடி கேட்டால் சட்டென்று கொடுப்பதற்காக விண்டோஸ் ரேமில் வைத்திருக்கும் தரவு அது. வேறு செயலிக்கு இடம் வேண்டுமென்றால் பெரும்பாலும் அதுவே விலகிக்கொள்ளும். ஆனால் அவைலபிள் மிகவும் இறங்கிவிட்டால், ரேமில் இருப்பதை விண்டோஸ் டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு (ரேமுக்குத் துணையாக வைத்திருக்கும் கோப்பு) தள்ள ஆரம்பிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கணினி அப்படியே நின்றுவிட்டது போலிருக்கும்.

'ரேம் கிளீனர்' செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவையும் பெரும்பாலும் இதையேதான் செய்கின்றன: ரேமில் இருப்பதை வெளியே தள்ளுகின்றன. தேவைப்படும்போது அதையே மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டும்.

படி 2: திறந்திருக்கும் வேலையைச் சேமியுங்கள். அப்புறம், இப்போது தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்த செயலியை மட்டும் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். 'சர்வீஸ் ஹோஸ்ட்' போன்ற விண்டோஸின் சொந்த புராசஸ்களைத் தொடாதீர்கள்.

படி 3: நிறுத்தியது அடுத்த முறை கணினியைப் போட்டதும் திரும்ப வரலாம். அதனால் இந்தப் படிதான் முக்கியம். டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்துக்குப் போய், தானாகத் தொடங்கத் தேவையில்லாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். செயலி அழியாது, நீங்கள் திறக்கும்போது வழக்கம்போல வேலை செய்யும். ஆன்டிவைரஸ், ஆடியோ, டச்பேட் சம்பந்தப்பட்டவை இருக்கட்டும்.

படி 4: குரோமை மூடிய பிறகும் அதன் சில பகுதிகள் ஓடலாம். குரோமின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணியில் இயங்க விடும் வசதியை அணையுங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும்.

சரி, இப்போது ரீஸ்டார்ட் செய்து, வழக்கமாகத் திறப்பவற்றைத் திறந்து அவைலபிளை மறுபடி பாருங்கள். அப்போதும் இடமில்லை என்றால் ரேம் வாங்கலாம்.