சைலன்சர் சூட்டிலிருந்து காலைக் காப்பது எப்படி: கடலோர வண்டியோட்டிகளுக்கான வழிமுறை

மோட்டார் சைக்கிளின் சைலன்சர் சுடாமல் இருக்காது. ஆனால் அதற்கும் நம் காலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நம்மால் கூட்டிக்கொள்ள முடியும். தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை நம் கடற்கரையில் கைலியும் ரப்பர் செருப்புமாக, பின்னால் மீன் பெட்டியையோ பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவோரே மிகுதி என்பதால், வலது கெண்டைக்காலின் உட்புறத்தில் சூட்டுத் தழும்பு இல்லாத வீடு அரிதாக இருக்கிறது. சூடு பட்டவுடன் பலர் கடைக்குப் போய்த் தடுப்புத் தகடு வாங்கி மாட்டுகிறார்கள். கால் எந்த இடத்தில், எந்த அசைவின்போது படுகிறது என்பதைக் கண்டறிந்த பிறகே அந்தத் தகட்டுக்கு வேலை வருகிறது.

இதற்கு ஒரு சாக்பீஸ் போதும். காலையில் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பெண்டு பைப் தொடங்கிச் சைலன்சரின் நுனி வரை சாக்பீஸைத் தடவி, வழக்கமாக அணியும் கைலியையும் செருப்பையும் அணிந்துகொண்டு, வண்டியை ஓடவிடாமல் அன்றாட அசைவுகள் அனைத்தையும் செய்து பாருங்கள். பிரேக்கை மிதியுங்கள், கிக்கரை உதையுங்கள், வலது காலைத் தரையில் ஊன்றுங்கள், இறங்கி ஏறுங்கள். பின் இருக்கையில் ஆளோ பெட்டியோ இருந்தால் ஓட்டுபவர் முன்னால் நகர்ந்து உட்காருவார், அப்போது முழங்காலும் கெண்டைக்காலும் பெண்டு பைப்பை நெருங்கிவிடும் என்பதால், ஒருவரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சுமையோடும் இதைச் செய்வது அவசியம். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் திருத்தம் தேவை.

குதிகாலில் வெள்ளை ஒட்டியிருந்தால் முதலில் ஃபுட்ரெஸ்ட்டைப் பாருங்கள். தனுஷ்கோடி மணலில் ஒருமுறை வலப்பக்கமாகச் சாய்ந்த வண்டியில் அந்தக் கம்பி சற்றே பின்னோக்கி வளைந்திருக்கும். அந்தச் சிறு வளைவே குதிகாலைச் சைலன்சரின் மேல் கொண்டுபோய்விடும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பானாலும் கால் உள்ளே வழுக்கும். சைலன்சரைத் தாங்கும் போல்ட் தளர்ந்து குழாய் வெளியே தள்ளி நிற்பதும் உண்டு. இவை மூன்றும் மெக்கானிக்கிடம் சிறு செலவில் முடிகிற வேலைகள். அடுத்தது பிரேக் பெடலின் உயரம். பெடல் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் அதை எட்டுவதற்குக் காலின் முன்பகுதியைத் தூக்கிக் குதிகாலை உள்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். அதை இறக்கி, பாதம் இயல்பாகக் கிடக்கிற மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இறக்கிய பிறகு பெடலின் விளையாட்டையும், அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா அமுங்கும் தூரத்தையும், பிரேக் விளக்கு எரிகிறதா என்பதையும் சரிபார்த்தே ஆகவேண்டும். டிரம் பிரேக்கில் இந்த விளையாட்டு பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும்; உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் உள்ளது. பெடலை விட்டுவிட்டு ஃபுட்ரெஸ்ட்டை மட்டும் லேத்தில் கொடுத்து வெளியே நீட்டும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, அவசரத்தில் கால் பிரேக்கைத் தேடும்.

தொடாமலேயே கால் வெந்தால் காரணம் வேறு. பெண்டு பைப் எஞ்சினோடு சேரும் இடத்தில் கரி படிந்து, டப்டப்பென்ற ஒலியும் கேட்டால் அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். அந்த இடைவெளி வழியாக வெப்பக் காற்று நேராகக் காலுக்கு வரும். 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கப்படும் பல வண்டிகளில், புகையைச் சுத்தப்படுத்தும் கருவி எஞ்சினுக்கு அருகிலேயே இருப்பதால் அந்தப் பகுதியில் சூடு அதிகம்; அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ராமேசுவரத்திலிருந்து பாம்பன் பாலம் வழியாக மண்டபம் நோக்கி வரும்போது காற்று இடப்பக்கமிருந்து அடித்து எஞ்சின் சூட்டை வலது காலின் மேல் தள்ளும். அந்தப் பயணத்துக்கு முழுக்கால்சட்டையே தக்கது.

இவ்வளவும் செய்த பிறகும் வெள்ளை ஒட்டுகிற இடம் மீந்தால், அங்கே தகடு மாட்டலாம். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே சுமார் ஒரு விரற்கடை காற்றிடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக் கிடக்கும் தகடு குழாயைப் போலவே சுடும். சிலர் குழாயைச் சுற்றி வெப்பத் துணி கட்டுகிறார்கள். நம் ஊர் உப்புக்காற்றில் அது ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்புக் குழாயை உள்ளுக்குள் அரித்துவிடும், ஆகவே வேண்டாம். தகட்டின் போல்ட்டுகள் துருவேறாத எஃகில் இருக்கட்டும். தனுஷ்கோடியைத் தாண்டிக் கடல்முனையான அரிச்சல்முனை வரை போய்வந்தால், சைலன்சர் முழுவதும் ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் உப்பின் மேல் உப்புதான் சேரும்.

பின்னால் இருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலை கட்டியவர் இடப்பக்கம் கால் போட்டு உட்காருவதால் சைலன்சரிலிருந்து தப்பிவிடுகிறார். சூடு படுவது, கால் ஃபுட்ரெஸ்ட்டை எட்டாமல் தொங்கும் பிள்ளைகளுக்கே. அவர்களை ஏற்றுவதும் இறக்குவதும் இடப்பக்கமாகவே இருக்க வேண்டும். வீட்டில் வண்டியை நிறுத்தும்போது சைலன்சர் பக்கம் சுவரை நோக்கி இருக்கட்டும். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பு உருகி ஒட்டுவதுகூடத் தெரியாது. அவர்கள் குதிகாலை மூடும் தோல் காலணி அணிந்தே ஓட்ட வேண்டும்.

சூடு பட்டுவிட்டால் கொலுசையும் காலணியையும் உடனே கழற்றி, குளிர்ந்த நல்ல தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள்; உருகிய துணி தோலில் ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மை, நெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தையும் உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு, காயம் அடிபட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலும், அவர் குழந்தையாகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்டி, டி.டி. ஊசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.