மார்கழியில் ஐந்து நாள் சென்னை: கச்சேரி நேரமும் கேன்டீன் நேரமும்

லண்டனிலும் டொராண்டோவிலும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் வாரத்தில்தான் சென்னையின் இசைவிழாவும் உச்சத்தில் இருக்கிறது. மியூசிக் அகாதெமியின் விழா டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கிப் புத்தாண்டு நாள் வரை நடைபெறும். கச்சேரிகளை நடத்தும் இசை அமைப்புகளான வேறு சபாக்கள் சில நவம்பர் இறுதியிலேயே தொடங்கிவிடும், சில ஜனவரியிலும் தொடரும். உறவினர் திருமணத்துக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ வருபவர்கள், சொந்த ஊருக்குப் போகும் வழியில் நான்கைந்து நாட்களைச் சென்னைக்கென்று ஒதுக்க முடியுமானால், டிசம்பர் 18க்கும் 28க்கும் இடைப்பட்ட நாட்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதல் முறை இதற்கென்றே வந்தபோது நான் ஒரு பெரிய பட்டியலைத் தயாரித்து வைத்திருந்தேன். பிற்பகலில் தியாகராய நகர், மாலையில் ஆழ்வார்பேட்டை, நடுவில் திருவல்லிக்கேணியில் சாம்பார் இட்லி என்று வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாணி மகாலிலிருந்து மியூசிக் அகாதெமிக்குச் சில கிலோமீட்டர் தூரமே என்றாலும், மாலை ஐந்தரை மணிக்கு ஆட்டோவில் ஏறியவன் பாதி வழியிலேயே முக்கால் மணி நேரத்தைக் கழித்தேன். உள்ளே நுழைந்தபோது கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணமும் முடிந்திருந்தது, இரண்டு கிருதிகளும் முடிந்திருந்தன, பசியோ வயிற்றைக் கிள்ளியது. அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரே வட்டாரம், ஒரே மாலைக் கச்சேரி என்ற கணக்கை நான் மீறியதில்லை. சாப்பாட்டையும் கச்சேரி நேரத்தை ஒட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும்; இரண்டையும் தனித்தனியாகத் திட்டமிட்டால் இரண்டும் கெடும்.

ஆகவே தங்குமிடத்தை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை ஆகிய மூன்றுக்குள் தேடுங்கள். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாதெமியும் நாரத கான சபாவும் இருக்கின்றன. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா, சற்றுத் தள்ளி மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் என்று நடந்தே போகும் தூரத்தில் பல அரங்குகள் உண்டு. அக்டோபருக்குள் அறையைப் பதிவு செய்துவிடுவது உத்தமம், ஏனென்றால் இந்த வாரங்களில் அறை தேடுபவர்கள் நாம் மட்டும் அல்லர். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறி ஏ.ஜி. டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஆழ்வார்பேட்டைக்குச் சிறு ஆட்டோ பயணமே மிஞ்சும்.

காலையை மயிலாப்பூர் மாட வீதிகளில் தொடங்குங்கள். மார்கழியில் விடியும் முன்பே வாசல்களில் பெரிய கோலங்கள் விழுந்திருக்கும், பஜனைக் கோஷ்டிகள் பாடிக்கொண்டே வீதியைச் சுற்றி வருவார்கள், கோயிலில் நாதசுரமும் தவிலும் கேட்கும்; கட்டணமில்லாத முதல் கச்சேரி அதுதான். பிறகு அருண்டேல் தெருவில் உள்ள ராயர் மெஸ்ஸில் இட்லியும் பொங்கலும் சாப்பிடலாம். இடம் மிகச் சிறியது, காத்திருக்க நேரும், ஆனால் வாழையிலையில் சூடாக விழும் அந்தப் பொங்கலுக்காகக் காத்திருப்பது வீண் போகாது. கேட்டு மட்டும் நிறைவடையாமல் இசையின் நுட்பங்களை அறிய விரும்புபவர்கள் காலை எட்டு மணியளவில் அகாதெமியில் நடக்கும் செயல்முறை விளக்க உரைக்குப் போகலாம்.

பிற்பகல் கச்சேரிகளை யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணி நேரங்களில் பாடுபவர்கள் பெரும்பாலும் இளைய கலைஞர்கள். பல சபாக்களில் இவற்றுக்கு அனுமதி இலவசம். நிறையாத அரங்கில், முன் வரிசையில் உட்கார்ந்து, பாடகர் வயலின்காரரைப் பார்த்துச் சிரிப்பதுகூடத் தெரியும் தூரத்தில் கேட்கும் அனுபவம் மாலைக் கூட்டத்தில் கிடைக்காது. என் மனத்தில் நிற்கும் கச்சேரிகளில் பாதிக்கு மேல் பிற்பகல் இரண்டு மணிக்குக் கேட்டவை. ஒன்று மட்டும் கவனம்: ஒரு மணிக்கு முழு இலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக் கச்சேரிக்குப் போனால், குளிரூட்டப்பட்ட அரங்கில் தூக்கம் வெல்லும், ராகம் தோற்கும். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மெல்லிய சால்வை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

இனி கேன்டீனுக்கு வருவோம். விழாக் காலத்தில் சபா வளாகங்களில் புகழ்பெற்ற சமையல் கலைஞர்கள் பந்தல் போட்டு நடத்தும் சாப்பாட்டுக் கூடங்கள் இவை. கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் சாப்பிடுவதற்கென்றே வருகிறார்கள். எந்தச் சபாவில் இந்த ஆண்டு யார் சமைக்கிறார் என்பது இங்கே பாடகர் பட்டியலுக்கு இணையாகப் பேசப்படும் செய்தி. பட்டியல் தினமும் மாறும் என்பதால், வாசலில் உள்ள பலகையைப் படித்துவிட்டே டோக்கன் வாங்குங்கள். அடை அவியல், ரவா தோசை, வாழைப்பூ வடை, காசி அல்வா ஆகியவை இருந்தால் தயங்க வேண்டாம். கீரை வடையை மட்டும் தட்டில் அடுக்கி வைத்திருப்பதை வாங்காமல், அடுத்த ஈடு எண்ணெயிலிருந்து வரும் வரை நில்லுங்கள்: பிட்டவுடன் ஆவி பறந்து, உள்ளே பச்சை மாறாத கீரையும் வெளியே மொறுமொறுப்பும் இருக்கும் அந்த நிலை ஐந்து நிமிடம்தான் தாங்கும். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்த வயிறு முதல் இரண்டு நாட்களில் முரண்டு பிடிக்கக்கூடும் என்பதால், கண்ணெதிரே சூடாக வருவதையே சாப்பிட்டு, மூடி முத்திரை உடையாத பாட்டில் தண்ணீரையே குடியுங்கள்.

மாலைக் கச்சேரி ஆறரை, ஏழு மணியளவில் தொடங்கி இரண்டரை மணி நேரம் வரை நீளும். ஐந்தே காலுக்குக் கேன்டீனில் நுழைந்தால் கூட்டத்துக்கு முன்பே சாப்பிட்டுவிட்டு நிதானமாக இருக்கையை அடையலாம். இதைச் செய்யாதவர்கள், தாளக் கருவிகள் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காப்பிக்கு ஓடுகிறார்கள். மிருதங்கக் கலைஞர் அந்த மாலை முழுவதும் காத்திருந்தது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்காகத்தான். அவர் முகத்துக்கு நேராக முதுகைக் காட்டிப் போவது நம்முடைய பழைய கெட்ட பழக்கம். எழுந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எழுங்கள். சங்கீதப் பழக்கம் இல்லாதவர்களும் பிள்ளைகளும் கடைசி அரை மணியைத் தவறவிடக் கூடாது, பாரதியார் பாடலும் திருப்புகழும் காவடிச் சிந்தும் அநேகமாகத் துக்கடா எனப்படும் இறுதிச் சிறு பாடல்களின் பகுதியில்தான் வரும்.

பெரிய பெயர்களின் கச்சேரிகளுக்கு டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். தாமதித்தவர்கள் காலையிலேயே கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தமிழ்ப் பாடல்களையே முதன்மையாகக் கேட்க விரும்புபவர்களுக்கு 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கிறது. அது பாரிமுனைப் பக்கம் இருப்பதால் அன்றைய நாளை முழுவதும் வடக்கே ஒதுக்குங்கள். போகும் வழியில் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். சபாக் கேன்டீன்கள் அனைத்தும் சைவம் என்பதால், மீனுக்கு ஏங்குபவர்கள் அதே நாளில் சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். கர்நாடக இசை மட்டும்தான் மார்கழியா என்று கேட்பவர்களுக்கு, 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் நடத்திவரும் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழாவில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறுகின்றன. பயணத்தைப் பொங்கல் வரை நீட்டிப்பவர்கள், அரசு நடத்தும் சென்னை சங்கமத்தில் கிராமியக் கலைகளைத் திறந்தவெளியிலேயே இலவசமாகக் காணலாம்.

ஊரில் எல்லோரும் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் காலத்தில், வெளிநாட்டு வங்கிக் கணக்கு மட்டும் உள்ளவர்கள் சில்லறை நோட்டுகளை வைத்திருப்பதே எளிது: டோக்கன் கவுண்டரில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் கேட்க வேண்டியதைக் கேட்பீர்கள். ஆட்டோ செயலிகளில் பதிவு செய்ய உள்ளூர் எண் இருந்தால் வசதி. சிம் வாங்கக் கடவுச்சீட்டையும் விசாவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுமையாக விடைபெற்றிருக்காது என்பதால் குடையும் தேவைப்படும்.

மேற்கு நாடுகளுக்கான விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகே புறப்படுவதால், கடைசி மாலையையும் இழக்க வேண்டியதில்லை. அன்று காலையிலேயே மயிலாப்பூரில் கண்ணெதிரே கொட்டையை அரைத்துத் தரும் கடையில் காப்பிப் பொடி வாங்கி, சிக்கரி எவ்வளவு என்பதை நீங்களே சொல்லி, இரட்டைப் பையில் கட்டித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துணிமணி எல்லாம் காப்பி மணக்கும். பெட்டிகளை விடுதி வரவேற்பறையில் விட்டுவிட்டு, ஒன்பதரை மணிக்கு மங்களம் பாடி முடிந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கிளம்பலாம்.