ஜி6பிடி பரிசோதனை: எப்போது, எப்படி

ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ்) என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இந்த நொதி குறைந்தால் சில மருந்துகளால் சிவப்பணுக்கள் உடையும். அதனால் பிரைமாகுயின் (மலேரியா மருந்து), டாப்சோன் (தொழுநோய் மருந்து) தொடங்கும் முன்பே பரிசோதியுங்கள்.

ஊதா மூடி இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, 2–8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைந்தால் மாதிரி வீண்.

பலர் செய்யும் தவறு, சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதும் உடனே சோதிப்பது. நொதி குறைந்த முதிய அணுக்கள் அப்போது அழிந்திருக்கும். மிஞ்சிய இளம் அணுக்களில் நொதி அதிகம் என்பதால் முடிவு இயல்பாகவே வந்து ஏமாற்றும். 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ரத்தம் ஏற்றியிருந்தாலும் அப்படியே. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் பாதிக் குறைபாடும் வரலாம்; குறைபாடு உண்டா இல்லையா என்று மட்டும் காட்டும் ஒளிர்வுப் புள்ளிச் சோதனை அதற்குப் போதாது, நொதியின் அளவைச் சொல்லும் சோதனையைக் கேளுங்கள்.

குறைபாடு உறுதியானால் பீரோவிலுள்ள நாப்தலின் அந்துருண்டையை முதலில் அப்புறப்படுத்துங்கள்; அதுவும் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தைத் துணிகளோடு அதை வைக்கவே கூடாது.